மெல்பர்ன் போகும் பிள்ளை முதலில் எங்கே தங்குவது?

எந்த யுனிவர்சிட்டி, எந்த கோர்ஸ், எந்த பேங்கில் லோன் என்பதற்கெல்லாம் மாதக்கணக்கில் அலைகிறோம். போய் இறங்கியதும் எங்கே தங்குவது என்ற பேச்சு மட்டும் டிக்கெட் போட்ட பிறகுதான் வீட்டில் எழுகிறது. அதற்குள் நல்ல இடமெல்லாம் போய்விடும். கையில் மிஞ்சுவது யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு போன் நம்பர்.

வடசென்னை கொருக்குப்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகள் ஜூலை செமஸ்டருக்கு மெல்பர்ன் போகிறாள். அவளுக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது. அங்கே ஒரு குடும்பத்தோடு, காசு கொடுத்து அவர்கள் வீட்டிலேயே ஒரு அறையில் இருப்பது. இதை ஹோம்ஸ்டே என்கிறார்கள். யுனிவர்சிட்டி ஹாஸ்டல். நம் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்திருக்கும் ஷேரிங் வீடு. கடைசியாக, சொந்தக்காரர் வீடு. நானும் மெல்பர்னில் படித்தவள்தான். முதலில் ஒரு குடும்பத்தோடும் பிறகு நம் பிள்ளைகளோடும் இருந்திருக்கிறேன். அதனால் இந்தப் பக்கத்திலிருந்து யார் கிளம்பினாலும் அம்மாக்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் செமஸ்டருக்கு ஹோம்ஸ்டே. அது கட்டுப்படியாகாவிட்டால் முதல் ரெண்டு மாதமாவது. அப்புறம் ஷேரிங் வீடு. இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சொந்தக்காரர் வீட்டைத்தான். "அங்கதான் உங்க சித்தப்பா இருக்காரே, அப்புறம் எதுக்குக் காசு கொடுத்து இன்னொருத்தர் வீட்ல?" வடசென்னையில் இந்தப் பேச்சுக்குக் கூடுதல் காரணமும் உண்டு. பெரம்பூர், ராயபுரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல, முந்தைய தலைமுறைகளிலேயே ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டன. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்த பழக்கத்தில், ரத்த சொந்தம் இல்லாவிட்டாலும் "நம்ம ஆன்ட்டி வீடு" என்று ஒன்று அங்கே இருக்கும். ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போக, சிம் கார்டு வாங்க, பேங்க் கணக்கு திறக்க, முதல் சில நாள் சாப்பிட்டுத் தூங்க அந்த வீடு தங்கம். அதற்கு மேல் வேண்டாம். காசு பேசாத இடத்தில் கணக்கு வேறு விதமாக ஏறும். குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள், இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய், ஊருக்கு ஒரு போன். உங்களாலும் அங்கே வாய் திறந்து எதையும் கேட்க முடியாது. தூரம் இன்னொன்று. மெல்பர்னில் நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கும் டார்னீட், சிட்டிக்கு மேற்கே இருக்கிறது; மோனாஷ் யுனிவர்சிட்டி இருக்கும் க்ளேட்டன் தென்கிழக்கே. ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய் வர தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும்.

ஹாஸ்டலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்புக்கு நடந்தே போகலாம், பாதுகாப்பு நன்றாக இருக்கும், பல நாட்டுப் பிள்ளைகளோடு பழகலாம். காசு இருப்பவர்களுக்கு நல்ல இடம். ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் செமஸ்டருக்கோ வருடத்துக்கோ போடுவார்கள். பிடிக்கவில்லை என்று பாதியில் கிளம்பினால் மீதிப் பணம் நம் தலையில் விழும். சமையலறையில் புகை அலாரம் வைத்திருப்பார்கள். நாம் தாளிக்கும் கடுகும் காய்ந்த மிளகாயும் அதற்கு ஆகாது. அது கத்தினால் கட்டடமே காலியாகும், தீயணைப்பு வண்டி வரும், அதற்கான கட்டணத்தை யார் அடுப்பால் அலாரம் அடித்ததோ அவரிடமே வசூலிக்கும் ஹாஸ்டல்கள் உண்டு. தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்தி வைக்கப் பழகிக்கொள்ளுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் இது உதவும்.

இப்போது பணம். ஹோம்ஸ்டே என்றதும் அம்மாக்கள் கையை உதறுவது இதனால்தான். மெல்பர்னில் சாப்பாட்டோடு சேர்த்து ஹோம்ஸ்டே வாரத்துக்கு 300 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும். 350 என்றே வைத்துக்கொள்வோம். ஷேரிங் வீட்டில், சிட்டிக்கு வெளியே, 200 டாலருக்கு அறை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 150 டாலர் வித்தியாசம் பெரிதுதான். ஆனால் முதல் மாதத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஷேரிங் வீட்டில் முறையாகப் போனால் நாலு வார வாடகை பாண்ட், அதாவது அட்வான்ஸ். அதோடு ஒரு மாத வாடகை முன்பணம். உள்ளே கால் வைக்கும் முன்பே 1,600 டாலர் போய்விடும். பிறகு மெத்தை, போர்வை, தலையணை, குக்கர், தட்டு, கரண்ட், இன்டர்நெட், மளிகை. ஹோம்ஸ்டேயில் நாலு வாரத்துக்கு 1,400, வீடு ஏற்பாடு செய்யும் ஏஜென்சிக்குச் சில நூறு டாலர். மெத்தை போட்டிருக்கும், ஹீட்டர் இருக்கும், வைஃபை இருக்கும், காலையும் இரவும் சாப்பாடு இருக்கும். முதல் மாதச் செலவு ரெண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாண்ட் பின்னால் திரும்பி வரும் என்பது உண்மை. ஆனால் கல்விக் கடனின் அடுத்த தவணை வரும்வரை கையில் இருக்கும் காசுதான் காசு. ரெண்டாவது மாதத்திலிருந்துதான் ஹோம்ஸ்டே உண்மையில் விலை கூடுகிறது. ஆஸ்திரேலிய அரசு விசாவுக்குக் கேட்கும் ஒரு வருட வாழ்க்கைச் செலவு 2024 மே 10 முதல் 29,710 டாலர். வாரத்துக்கு வகுத்தால் 571. அதில் 350 ஹோம்ஸ்டேக்குப் போனாலும் மதியச் சாப்பாடு, பஸ், போனுக்கு மிச்சம் இருக்கும். அதனால் இது எட்டாத கணக்கு இல்லை.

சரி, பணத்தை விட்டுவிடுவோம். அம்மாக்கள் உண்மையில் பயப்படுவது வேறு. "யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்ல எப்படிம்மா பொம்பளப் புள்ளைய விடறது?" என்று கொடுங்கையூரிலிருந்து ஒரு அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. யுனிவர்சிட்டி கைகாட்டும் ஏஜென்சி வழியாகப் போனால் வீட்டை நேரில் பார்த்திருப்பார்கள், ஆட்களைப் பற்றி விசாரித்திருப்பார்கள், ஏதாவது என்றால் வீடு மாற்றித் தரவும் ஆள் உண்டு. வாட்ஸப் நம்பரை நம்பிப் போகும் ஷேரிங் வீட்டில் இந்த மூன்றும் கிடையாது. தெரியாதவர் வீடு என்ற பயம் அங்கேதான் அதிகம் இருக்க வேண்டும். தமிழ் பேசுகிறார்கள் என்பதால் நமக்கு அது தோன்றுவதில்லை.

அந்த வீடு எப்படி இருக்கும் என்பதிலும் நம்மிடம் ஒரு தவறான படம் இருக்கிறது. பொன்னிற முடி வைத்த அப்பா, அம்மா, ரெண்டு குழந்தை, ஒரு நாய் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். கதவைத் திறப்பவர் பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம், வியட்நாம்காரராக இருக்கலாம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்களும் நிறைய. அவர்களுக்கு வருமானமும் வேண்டும், வீட்டில் ஒரு ஆள் நடமாட்டமும் வேண்டும். பெரம்பூரில் மாடிப் போர்ஷனை நல்ல பிள்ளைகளாகப் பார்த்து விடுகிறவர்களின் மனசும் இதேதான். காசு வாங்குகிறார்கள் என்பதற்காக அன்பு பொய்யாகிவிடாது. அன்பாக இருக்கிறார்கள் என்பதற்காக நீங்கள் அந்த வீட்டுப் பெண்ணாகவும் ஆகிவிட மாட்டீர்கள். இந்த ரெண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முதல் வாரம் பாதி லேசாகிவிடும்.

முதல் வாரம்தான் சோதனை. அதில் முதலில் அடிப்பது அமைதி. வியாசர்பாடியில் ராத்திரி பத்து மணிக்கும் ஆட்டோ சத்தம், எதிர்வீட்டு டிவி, பஜ்ஜி கடை, யாராவது யாரையாவது கூப்பிடும் குரல். அங்கே ஏழு மணிக்குத் தெருவில் ஆள் இருக்காது. வீட்டுக்குள்ளும் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். ஜூலை என்றால் நடுக் குளிர்காலம். ராத்திரி ஆறு ஏழு டிகிரி வரை இறங்கும், நிறைய வீடுகளில் தூங்கப் போகும்போது ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். போர்வைக்குள் சுருண்டுகொண்டு "இவங்களுக்கு நம்மளப் புடிக்கல போல" என்று அழும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிடிக்காமல் இல்லை. சாத்திய கதவு அங்கே மரியாதை. நீங்கள் களைப்பாக இருப்பீர்கள், தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர்கள் ஒதுங்கியிருக்கிறார்கள். நீங்களும் கூச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டால், இந்தப் பெண்ணுக்கு நம்மோடு பேச விருப்பமில்லை என்று அவர்கள் நினைப்பார்கள். ரெண்டு பக்கமும் நல்ல மனசோடு இப்படியே ஒரு மாதம் ஓடிவிடும்.

இதற்கு ஒரே மருந்து சமையலறை. சாயங்காலம் அவர்கள் காய் நறுக்கும்போது போய் நில்லுங்கள். "நான் வெங்காயம் நறுக்கட்டுமா?" என்று கேளுங்கள். முதல் தடவை வேண்டாம் என்பார்கள். அடுத்த நாளும் கேளுங்கள். இந்தியாவில் படித்த இங்கிலீஷை வைத்து வகுப்பில் பாடம் புரிந்துகொள்ளலாம். கடையில், பஸ்ஸில், வேலை செய்யும் இடத்தில் வேகமாக, பாதியை விழுங்கிப் பேசும் பேச்சு காதில் ஏறுவது அந்த வெங்காயம் நறுக்கும் மேடையில்தான். ஹாஸ்டலிலும் ஷேரிங் வீட்டிலும் கிடைக்காத ஒன்று இது. ஹோம்ஸ்டேக்கு நான் இவ்வளவு வக்காலத்து வாங்குவதற்குப் பெரிய காரணமும் இதுதான். ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வில் நல்ல மார்க் வாங்கியவர்களே முதல் மாதம் ஃபார்மசியில் நின்று திணறுகிறார்கள். வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள்.

சாப்பாடு மாலை ஆறு, ஆறரைக்கு. நமக்கு அது டிபன் நேரம். தட்டை எண்ணித்தான் சமைப்பார்கள், அதனால் வர நேரமானால் மதியமே மெசேஜ் போட வேண்டும். சொல்லாமல் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவதுதான் அந்த வீடுகளில் மனக்கசப்பின் தொடக்கம். விண்ணப்பத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருப்பார்கள். "எது கொடுத்தாலும் சாப்பிடுவேன்" என்று மரியாதைக்கு எழுதாதீர்கள். மாட்டிறைச்சி, பன்றி, முட்டை, ஹலால் எல்லாவற்றையும் தனித்தனியாக, ஆம் இல்லை என்று எழுதுங்கள். பீஃப் பிரியாணி சாப்பிட்டு வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் பாதிச் சிக்கல் இல்லை. உப்பு உறைப்பு இல்லாததுதான் சிக்கல். அதற்கு வாரத்தில் ஒரு நாள் நான் சமைக்கிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். மெல்பர்னின் டாண்டினாங் பகுதியில் இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கின்றன. கறிவேப்பிலை வரை கிடைக்கும். கருவாடு மட்டும் வேண்டாம். காசிமேட்டு நாக்குக்குக் கஷ்டம்தான், ஆனால் கார்பெட் போட்ட வீட்டில் அந்த வாசனை வாரக்கணக்கில் நிற்கும்.

அடுத்தது குளியலறை. தரை காய்ந்தே இருக்க வேண்டும். ஷவர் கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் சொட்டினால் துடைத்துவிட்டு வர வேண்டும். டாய்லெட்டில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு சின்ன பிளாஸ்டிக் மக்கை ஊரிலிருந்தே எடுத்துப்போங்கள். சில வீடுகளில் ஷவர் பக்கத்துச் சுவரில் நான்கு நிமிட மணல் கடிகாரம் ஒட்டியிருக்கும். அது ஓடி முடிவதற்குள் குளித்துவிட வேண்டும். காசு கொடுத்தும் தண்ணீருக்குக் கணக்கா என்று சில பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. 1990களின் கடைசியில் தொடங்கி அந்தப் பக்கத்தில் பத்து வருடத்துக்கு மேல் வறட்சி. ஒருவர் ஒரு நாளைக்கு 155 லிட்டருக்குள் முடிக்க வேண்டும் என்று மெல்பர்னில் அரசே பிரசாரம் செய்தது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டினார்கள். 2019 கோடையில் கலர் கலராகப் பிளாஸ்டிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மெட்ரோ வாட்டர் லாரிக்கு நின்ற நம் தெருப் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக யாருக்குப் புரியும்? மீஞ்சூர் கடல்நீர் ஆலைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் என்று என் ஹோம்ஸ்டே வீட்டு அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில் நெடுநேரம் ரெண்டு ஊர்த் தண்ணீர்க் கதைதான் ஓடியது. அந்த வீட்டில் எனக்கு நெருக்கம் வந்தது அன்றுதான்.

ஹோம்ஸ்டேயின் குறையையும் சொல்ல வேண்டும். அங்கே உங்களுக்கு வாடகைதாரருக்கான சட்ட உரிமை பெரும்பாலும் கிடையாது. ஏஜென்சியின் விதிதான் விதி. நண்பர்களை ராத்திரி தங்க வைக்க முடியாது. முக்கியமானது, வேலை. படிப்பு நடக்கும் நாட்களில் ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்ய விசா அனுமதிக்கிறது. ரெஸ்டாரன்ட், சூப்பர் மார்க்கெட் வேலை கிடைத்துவிட்டால் வீடு வந்து சேர நடுராத்திரி ஆகும். ஆறரை மணிச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு அதைச் சாப்பிடாமல் இருப்பீர்கள், அவர்கள் தூக்கமும் கெடும். வேலை நிலைக்கு வந்த அந்த நேரம்தான் ஷேரிங் வீட்டுக்கு மாறச் சரியான நேரம்.

ஷேரிங் வீட்டை நான் குறை சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுக்க, எந்தக் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்ல, பொங்கலுக்குச் சேர்ந்து பானை வைக்க அவர்களை விட்டால் யாரும் இல்லை. படிப்பை முடிக்கும்வரை என்னைத் தாங்கியது அந்த வீடுதான். ஆனால் ஊரிலிருந்து நேராக அங்கே போய் இறங்கக்கூடாது. பார்க்காத வீட்டுக்கு இங்கிருந்தே பணம் அனுப்பி ஏமாறுவது ஒன்று. ஹாலில் திரை போட்டு மூன்று பேரைப் படுக்கவைத்து மூன்று வாடகை வாங்கும் ஆட்கள் இன்னொன்று. அங்கேயே ரெண்டு மாதம் இருந்து, நேரில் போய்ப் பார்த்து, கூட இருக்கப் போகிறவர்களோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு முடிவெடுத்தால் இந்த ரெண்டும் நடக்காது. ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பாண்ட் பணம் வீட்டுக்காரர் பையில் இருக்கக்கூடாது; பத்து வேலை நாளுக்குள் அரசின் பாண்ட் ஆணையத்தில் கட்டி, உங்களுக்கு ரசீது வர வேண்டும். ரசீது தரத் தயங்குகிற வீட்டில் அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. முதல் நாளிலிருந்தே தமிழ் வீட்டில் இருந்துவிட்டால் படிப்பு முடியும்வரை வெளியே யாரோடும் பழகாமலேயே திரும்பிவிடலாம். அப்படித் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு லட்சம் கடன் வாங்கிப் போய் அது நடக்கக்கூடாது.

வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியில் மாணவர் விடுதியும் ஷேரிங் வீடும்தான் வழக்கம். குடும்பத்தோடு தங்குவது குறைவு. அயர்லாந்தில் இது நிறைய. சொந்த வீட்டில் ஒரு அறையை விடுகிறவருக்கு வருடம் 14,000 யூரோ வரை வரி இல்லை. ஆனால் அங்கே பல வீடுகள் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும்தான். வார இறுதியில் சொந்த ஊருக்குப் போகும் உள்ளூர் மாணவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. நம் பிள்ளை சனிக்கிழமை எங்கே போவாள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அக்கா மகளுக்கு இப்போது வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். நாலு வாரத்துக்கு மட்டும் பணம் கட்டுகிறோம். பிடித்தால் அங்கேயே நீட்டிக்கலாம், கிளம்ப வேண்டுமென்றால் ரெண்டு வாரம் முன்னால் சொன்னால் போதும். அந்த வீட்டு அம்மாவுக்கு அவள் எழுதிய முதல் மெயிலில் கேட்டவை: வகுப்புக்குப் போக எத்தனை பஸ் மாற வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, துணி துவைக்க எந்த நாள், ராத்திரி ஹீட்டர் போடலாமா, அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா, சாமிப் படம் வைத்துக்கொள்ளலாமா. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பதில் வந்துவிட்டது. ராத்திரி ஹீட்டர் கிடையாது, ஆனால் எலக்ட்ரிக் போர்வை இருக்கிறதாம்.

கையில் என்ன கொண்டுபோவது என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. அக்கா பால்கோவா என்றாள். பால் சேர்த்த இந்திய இனிப்பு எதையும் ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள், ஏர்போர்ட்டிலேயே எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். மசாலாப் பொடி, ஊறுகாய் எதுவாக இருந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்துச் சிக்கினால் அபராதம். அதனால் ஞாயிற்றுக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்குப் போய் சாப்பாட்டு மேசைக்கு ஒரு நல்ல காட்டன் விரிப்பு வாங்கலாம் என்று இருக்கிறோம்.